ஹிம்மா, ஹிஸ்ஸா?

2009இல் ஒரே புத்தகத்தில் 61 இடங்களில் கை வைத்தேன். 61ம் திரும்பி வந்தது.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை இது புரிந்ததில்லை, "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றான்" என்பதோடு விட்டுவிட்டார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அச்சாகிற ஆய்வுப் புத்தகங்கள், ஜர்னல்கள் பலவற்றுக்கு காப்பி எடிட்டிங்கும் பக்க வடிவமைப்பும் சென்னையிலும் பாண்டிச்சேரியிலும்தான் நடக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர் எழுதிய ஆங்கிலத்தை, திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்த நான் திருத்துகிறேன். முதல் இரண்டு வருடம் இதை நினைத்தால் சிரிப்பு வரும். அப்புறம் பழகிவிட்டது.

அந்தப் புத்தகம் வட இங்கிலாந்து மலைப்பகுதியின் மேய்ச்சல் நிலங்களைப் பற்றியது. யார் ஆடு எங்கே மேயலாம், யார் தடுத்தார்கள், எந்த வழக்கு எப்படி முடிந்தது என்று நானூறு பக்கம். நல்ல புத்தகம். எழுதியவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். பெயர் வேண்டாம். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. நிலக்கிழார் 'தெம் கிரேஸிங்' என்பதை எதிர்த்தார் என்று எழுதுவார். நான் 'தெம்' என்பதை அடித்து 'தெய்ர்' என்று போட்டேன். அவர்கள் மேய்ப்பதை எதிர்த்தார் என்றால், எதிர்ப்பு மேய்ப்பதற்குத்தானே? ஆட்களுக்கு இல்லையே? ஆகவே 'அவர்களுடைய மேய்த்தல்' என்று வேற்றுமை உருபு கொடுப்பதுதான் முறை. 'இங்' முடிவுள்ள சொல் பெயராக நின்றால் அதற்கு முன்னால் வருபவர் ஆறாம் வேற்றுமையில் நிற்க வேண்டும். பள்ளியில் படித்த விதி. ஒரு இடத்திலும் விடவில்லை.

இந்த விதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லாவிட்டால் கதை நகராது.

1994. எங்கள் ஊர் இங்கிலீஷ் சார் தன் வீட்டுத் திண்ணையில் டியூஷன் எடுப்பார். மாதம் ஐம்பது ரூபாய். கொடுக்க முடியாதவன் அவர் மாட்டுக்கு ஒரு கட்டுப் புல் அறுத்துக்கொண்டு வந்து போட்டால் போதும். நான் புல் கட்டுக்காரன். அவர் கையில் ரென் அண்ட் மார்ட்டின் இருக்கும். அட்டை பிய்ந்து, காக்கிக் காகிதம் ஒட்டி, அதுவும் பிய்ந்து, சாக்கு ஊசியால் தைத்தது. வெள்ளைக்காரர் இரண்டு பேர் வெள்ளைக்காரர் ஆட்சியில் எழுதிய இலக்கணப் புத்தகம், அவர்கள் போன பிறகும் நம் பிள்ளைகளை விடவில்லை. சாருக்கு அது வேதம்.

ஜெரண்ட், அதாவது பெயராக நிற்கும் அந்த 'இங்' சொல், பாடம் நடத்திய அன்று அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. வெளியே முருங்கை மரத்தடியில் கட்டியிருந்த மாட்டைக் காட்டினார்.

"டேய், இந்த மாடு எங்க கொல்லையில மேயறது பக்கத்து வூட்டுக்காரனுக்குப் புடிக்கல. அவனுக்கு மாடு புடிக்கலியா, மேயறது புடிக்கலியா?"

"மேயறது சார்."

"அப்ப மாட்டுக்கு ஒரு அபாஸ்ட்ரஃபி எஸ் போடு. மாடு தப்பிச்சுக்கும்."

முப்பது வருடம் ஆகிறது. இந்த விதியை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'கவ்' என்று விட்டால் கோபம் மாட்டின் மேல் விழும். 'கவ்'ஸ்' என்று போட்டால் கோபம் மேய்ச்சலின் மேல் விழும். அந்த நாட்களில் பள்ளிக்கு எழுதிக்கொண்டு போன லீவ் லெட்டரில்கூட 'ப்ளீஸ் எக்ஸ்கியூஸ் மை நாட் கமிங்' என்று எழுதி, ஹெட்மாஸ்டரையே ஒரு நிமிடம் யோசிக்க வைத்தவன் நான். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' தவிர வேறு எதையும் அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் வகுப்பில் பாதிப் பேர் 'மை'யும் எழுதவில்லை, 'மீ'யும் எழுதவில்லை. 'ஐ டோண்ட் லைக் ஹீ கமிங் லேட்' என்று எழுதினார்கள். 'ஹீ'! இந்த 'ஹீ'க்கு மட்டும் சார் ஸ்கேலைக் கையில் எடுப்பார். "இங்கிலீஷ்காரன் கனவுலகூட இப்படிச் சொல்ல மாட்டான்டா." அது உண்மைதான். அந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்கு அவரும் யோசிக்கவில்லை, அடி வாங்கியவர்களும் யோசிக்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மேய்ச்சல் புத்தகத்துக்குத் திரும்பலாம். ஆசிரியர் பார்ப்பதற்காக அனுப்பிய ப்ரூஃப் திரும்பி வந்தபோது நான் மாற்றிய ஒவ்வொரு இடத்துக்கும் கீழே புள்ளி வரிசை, ஓரத்தில் 'ஸ்டெட்'. இருந்தது இருந்தபடியே இருக்கட்டும் என்று பொருள். எங்கள் தொழிலில் இதைவிட மரியாதையாக ஒருவன் முகத்தில் கதவைச் சாத்த முடியாது. முதல் ஐந்தாறு இடத்தில் 'ஸ்டெட்' அழகான கையெழுத்தில் இருந்தது. இருபதைத் தாண்டியதும் 'எஸ்' என்ற ஒற்றை எழுத்தும் ஒரு கோடும்தான். அவருக்குக் கை வலித்திருக்கும்.

ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தி ஒரு வாக்கியம் எழுதியிருந்தார். ஓடைக்குக் கீழே இருந்த இரண்டு பண்ணைகளின் குத்தகைக்காரர்கள் ஆடுகளை மேலே ஓட்டிப்போனதைப் பற்றிய வாக்கியம் அது. ஆங்கிலத்தில் அந்த நீளத் தொடரின் கடைசிச் சொல் 'பெக்'. வட இங்கிலாந்தில் ஓடையை அப்படித்தான் சொல்வார்கள். விதி விதிதானே? அந்த 'பெக்'கின் வாலில் ஒரு அபாஸ்ட்ரஃபி எஸ் ஒட்டியிருந்தேன். இப்போது படித்தால் ஆடு ஓட்டிக்கொண்டு போனது ஓடை. பேராசிரியர் பக்கத்தில் எழுதியது, தமிழில் சொன்னால்: "எங்கள் ஊர் ஓடைகளுக்கு இவ்வளவு திறமை கிடையாது. ஃபவுலர் இறந்து எழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது, அவரைத் தூங்க விடுங்கள்."

61 ஸ்டெட்டும் என் கணக்கில் 61 தேவையற்ற திருத்தமாக ஏறியது. அந்த மாத இன்சென்டிவ் போனது. டீம் லீடர் பாவம், நல்ல மனிதர். "ரூல் கரெக்டுதான்பா. ஆனா ஆத்தர் சொன்னா ஆத்தர் சொன்னதுதான்" என்றார். பணம் போனதைவிட எனக்கு உறுத்தியது வேறு. ஃபவுலர் யார்? அந்த ஆளைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்படாத ஒருவரை நான் எப்படித் தூங்க விடாமல் செய்தேன்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவல்லிக்கேணி நடைபாதையில், இன்ஜினியரிங் கைடுகளுக்கு நடுவில் அவர் கிடைத்தார். கவர்ஸ் என்பவர் திருத்திய 1965 பதிப்பு. அறுபது ரூபாய். 61 தப்புக்கு 60 ரூபாய் என்று கணக்குப் போட்டுக்கொண்டே பஸ் ஏறினேன்.

ஹென்றி ஃபவுலர் முதலில் பள்ளி வாத்தியார். பிறகு வேலையை விட்டு லண்டனுக்குப் போய், அங்கிருந்து கர்ன்ஸி தீவுக்குப் போய், தம்பி ஃபிரான்சிஸுடன் சேர்ந்து ஆங்கில நடை பற்றி எழுத உட்கார்ந்தவர். 1906இல் இருவரும் கொண்டுவந்த 'த கிங்ஸ் இங்கிலீஷ்' புத்தகத்திலேயே இந்தச் சண்டை தொடங்கிவிட்டது. முதல் உலகப் போர் வந்ததும் ஐம்பதைத் தாண்டிய ஹென்றி வயதைக் குறைத்துச் சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்தார். ஒரு அபாஸ்ட்ரஃபியில் பொய்யைப் பொறுக்காதவர் வயதில் பொறுத்துக்கொண்டார் என்பது எனக்கு அவரைப் பிடித்துப்போக ஒரு காரணம். தம்பி 1918இல் காசநோயில் இறந்தார். அண்ணன் தனியாக இருந்து 1926இல் வெளியிட்டதுதான் அந்தப் பெரிய அகராதி, 'மாடர்ன் இங்கிலீஷ் யூஸேஜ்'.

அதில் இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'ஃப்யூஸ்டு பார்ட்டிசிபிள்'. ஒட்டிப்போன எச்சம் என்று நான் எனக்காக மொழிபெயர்த்து வைத்திருக்கிறேன். ஃபவுலர் மூன்று வாக்கியங்களை வரிசையாக வைக்கிறார். மூன்றும் பெண்கள் ஓட்டுரிமை பற்றியவை. அவர் எழுதியபோது பிரிட்டனில் எல்லாப் பெண்களுக்கும் ஓட்டு வந்திருக்கவில்லை, 1928இல்தான் ஆண்களுக்குச் சமமாக வந்தது. சூடான உதாரணம்தான். தமிழில் அந்த மூன்றையும் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முதலாவது: ஓட்டுரிமை உள்ள பெண்கள் அரசியல் அதிகாரத்தை ஆண்களோடு பகிர்ந்துகொள்கிறார்கள். இங்கே எழுவாய் பெண்கள். 'உள்ள' என்பது பெயரெச்சம். சிக்கல் இல்லை.

இரண்டாவது: பெண்களுடைய ஓட்டுரிமைப் பேறு ஆண்களின் அதிகாரத்தைக் குறைக்கிறது. இங்கே எழுவாய் பேறு. பெண்கள் அதன் உடைமைக்காரர்கள், ஆங்கிலத்தில் 'விமன்'ஸ்' என்று அபாஸ்ட்ரஃபியோடு. இதிலும் சிக்கல் இல்லை.

மூன்றாவதில்தான் ஃபவுலர் கொதிக்கிறார். முதல் வாக்கியத்தின் எழுவாய்த் தொடரை, 'விமன் ஹேவிங் த வோட்' என்பதை, ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே எடுத்து இரண்டாவதன் பயனிலையோடு கோத்தால், குறைப்பது யார்? பெண்களா? அப்படியானால் வினை பன்மையாக இருக்க வேண்டும். ஹேவிங்கா? அப்படியானால் பெண்கள் அங்கே எந்த உருபும் இல்லாமல் ஏன் நிற்கிறார்கள்? இரண்டும் ஒட்டிப்போய் ஒரு புதுப் பிராணியாகிவிட்டது, இதற்கு இலக்கணத்தில் இடமில்லை என்பது அவர் வாதம்.

நான் தமிழில் எழுதிப் பார்த்தேன். பெண்கள் ஓட்டுரிமை பெற்றிருப்பது ஆண்களின் அதிகாரத்தைக் குறைக்கிறது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இது ஒட்டிப்போன எச்சமா? இலக்கணத்தில் இடமில்லாத பிராணியா? தினமும் நூறு தடவை பேசுகிற தமிழ் இல்லையா? 'நீ வந்தது எனக்குத் தெரியாது.' 'அவன் குடிக்கிறது அவங்க அம்மாவுக்குப் புடிக்கல.' 'மழை பெய்யறது கேக்குது.' இதிலெல்லாம் 'நீ'யும் 'அவ'னும் 'மழை'யும் உருபு எதுவும் இல்லாத சுத்தமான எழுவாய். 'உன் வந்தது' என்று எவனாவது சொல்வானா? ஆனால் வந்தது என்பதை விட்டு 'வருகை' என்று மாற்றிப் பாருங்கள். உடனே 'நீ' போய் 'உன்' வந்துவிடும். உன் வருகை. அவன் குடிப்பது, அவனது குடிப்பழக்கம். மாடு மேய்வது, மாட்டின் மேய்ச்சல்.

அதாவது ஃபவுலரும் பேராசிரியரும் அடித்துக்கொண்ட விஷயத்தை எங்கள் ஊரில் எழுதப்படிக்கத் தெரியாத கிழவியும் யோசிக்காமல் சரியாகச் செய்கிறாள். சொல் இன்னும் வினையாக உயிரோடு இருந்தால், காலம் காட்டினால், தனக்கு முன்னால் எழுவாய் கேட்கும். முழுக்கப் பெயராக உறைந்துவிட்டால் உடைமைக்காரனைக் கேட்கும். நம்மிடம் இரண்டுக்கும் தனித்தனிச் சட்டை இருக்கிறது. ஆங்கிலத்திடம் 'இங்' என்ற ஒரே சட்டை. அதைப் போட்டுக்கொண்டு வருவது வேய்வதா மேய்ச்சலா என்று பார்த்தவுடன் தெரியாது.

மேய்வது என்று எழுத வந்தவன் வேய்வது என்று தட்டிவிட்டேன். எடிட்டர் வலைப்பூவில் எழுத்துப்பிழை. அடிக்காமல் விடுகிறேன், ஸ்டெட்.

ஆங்கிலம் எப்போதும் இப்படி இருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. பழைய ஆங்கிலத்தில் பெயருக்கு 'உங்' அல்லது 'இங்', எச்சத்துக்கு 'எண்டெ' என்று இரண்டு தனி விகுதிகள். சில நூற்றாண்டுகளில் எச்சத்தின் விகுதி தேய்ந்து 'இங்'காகவே மாறி இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதற்குள் அந்தப் பெயரும் சும்மா இருக்கவில்லை. பெயர் என்று வந்தது, மெல்ல மெல்லச் செயப்படுபொருளைச் சேர்த்துக்கொண்டது, வினையடையைச் சேர்த்துக்கொண்டது, பாதி வினையாகிவிட்டது. பாதி வினையானபின் அதற்கு முன்னால் நிற்பவரிடம் மட்டும் இன்னும் பெயருக்குரிய மரியாதையை எதிர்பார்த்தால் எப்படி?

இதைத்தான் யெஸ்பர்சன் சொன்னார். ஓட்டோ யெஸ்பர்சன், டென்மார்க்காரர், கோபன்ஹேகனில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ஃபவுலரின் அகராதி வந்த அதே 1926இல், சுத்த ஆங்கிலத்துக்கான சங்கம் ஒன்று வெளியிட்டுவந்த சிறு நூல் வரிசையில், ஃபவுலருக்கு மறுப்பு எழுதினார். நீங்கள் பாமரத்தனம் என்று திட்டுவதை உங்கள் பெரிய எழுத்தாளர்களே தலைமுறை தலைமுறையாக எழுதியிருக்கிறார்கள் என்று மேற்கோள்களைக் கொட்டினார். ஃபவுலர் அடுத்த வருடமே அதே வரிசையில் பதில் கொடுத்தார், இறங்கிவரவில்லை. இங்கிலீஷ்காரனுக்கு இங்கிலீஷ் எப்படிப் பேசப்படுகிறது என்று ஒரு டேனிஷ்காரர் எடுத்துக்காட்டியதைப் படித்த அன்று, திண்டிவனத்துக்காரனான நான் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அதற்கப்புறம் விதி எங்கெங்கே கிழிகிறது என்று தேடுவது எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. 'ஹெர்' என்ற சொல்லை எடுங்கள். 'அவளை'யும் அதுதான், 'அவளுடைய'வும் அதுதான். 'ஐ டோண்ட் லைக் ஹெர் ஸ்மோக்கிங்' என்று எழுதியவர் விதிப்படி எழுதினாரா, விதியை மீறி எழுதினாரா என்று ஃபவுலரே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆண்களைப் பற்றி எழுதும்போது மட்டும் கிளம்புகிற சண்டை. பன்மையிலும் அதே கதை. 'பேரண்ட்ஸ்' என்பதற்குப் பின்னால் அபாஸ்ட்ரஃபி இருந்தாலும் இல்லாவிட்டாலும் காதுக்கு ஒன்றுதான். கண்ணுக்கு மட்டும் தெரிகிற இலக்கணம். 'தட்' என்ற சொல்லுக்கோ உடைமை வடிவமே கிடையாது. அது நடக்க வாய்ப்பு எவ்வளவு என்று ஆங்கிலத்தில் கேட்கும்போது 'தட் ஹேப்பனிங்' என்றுதான் சொல்ல முடியும், அங்கே அபாஸ்ட்ரஃபி போடுகிறவனை மனநல மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும். 'தேர் பீயிங்' என்று தொடங்குகிற தொடர்களிலும் கை வைக்க இடமில்லை.

பார்த்தேன், கேட்டேன் போன்ற வினைகள் இன்னொரு பள்ளம். 'ஐ சா ஹிம் கமிங்' என்றால் அவன் வந்துகொண்டிருந்தபோது அவனைப் பார்த்தேன். பார்த்தது ஆளைத்தான். அங்கே இருப்பது எச்சம், ஜெரண்ட் இல்லவே இல்லை. சாரின் மாடு விதியை மனப்பாடம் செய்த நாங்கள் அங்கேயும் 'ஹிஸ்' போட்டுத் தள்ளினோம். பரீட்சைத் தாள் திருத்தியவரும் அதே மாதிரி டியூஷனில் படித்தவராக இருந்திருக்க வேண்டும், மார்க் போட்டுவிட்டார்.

இந்தத் தேடலில் தமிழ்ப் பக்கமும் கொஞ்சம் புரட்டினேன். தொல்காப்பியத்தில் ஆறாம் வேற்றுமை எந்தெந்த உறவுக்கெல்லாம் வரும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இயற்கை, உடைமை, முறைமை, கிழமை என்று போகும் அதில் வினையும் ஒன்று. ஒருவனுக்கு அவன் வீடு எப்படி உடைமையோ அப்படி அவன் செயலும். சாருக்கு இது தெரிந்திருந்தால் ரென் அண்ட் மார்ட்டினுக்குப் பக்கத்தில் தொல்காப்பியத்தையும் வைத்து எங்களைப் பிழிந்திருப்பார்.

உருபு தொலைந்தால் பொருள் குழம்பும் என்பதும் அவருக்கு, அதாவது தொல்காப்பியருக்கு, தெரியாததில்லை. 'தடுமாறு தொழிற்பெயர்' என்றே ஒரு பெயர் கொடுக்கிறார். உரைகாரர்கள் அதற்குக் காட்டுவது 'புலிகொல் யானை'. புலியைக் கொன்ற யானையா, புலி கொன்ற யானையா? ஃபவுலராக இருந்தால் இப்படி எழுதவே கூடாது என்று தடை போட்டிருப்பார். தொல்காப்பியர் தடையில்லை என்கிறார். பக்கத்தில் வரும் சொற்களை வைத்து வேற்றுமையைத் தெரிந்துகொள்வார்கள் என்கிறார். யானை ஓடுகிறது என்று வந்தால் அது கொன்ற யானை. யானைத் தந்தம் என்று வந்தால் பெரும்பாலும் செத்த யானை. தொல்காப்பியர் யெஸ்பர்சன் கட்சி என்று தெரிந்ததில் எனக்கு அற்ப சந்தோஷம்.

குறளில்கூட எனக்கு ஒன்று நெருடும். 'மக்கள்மெய் தீண்டல் உடற்கின்பம்.' பிள்ளைகளின் உடம்பை நாம் தொடுவது என்றுதான் உரைகள் பொதுவாகச் சொல்கின்றன. மக்களது மெய், அதைத் தீண்டல். ஆனால் என் மகள் ஒன்றரை வயதில் தூக்கத்தில் காலைத் தூக்கி என் வயிற்றின் மேல் போட்டுக்கொண்டு கிடந்த நாட்களில், மக்கள் வந்து நம் மெய்யைத் தீண்டல் என்றுதான் நான் படித்தேன். மக்கள் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு உருபு தொக்கி நிற்கிறதா, இல்லை அது எழுவாயாகவே நிற்கிறதா? இரண்டுமே இன்பம்தான் என்பதால் வள்ளுவரிடம் சந்தேகம் கேட்டு ஆத்தர் க்வெரி போடவில்லை.

இப்போது அந்த 'ஹீ'. 'ஐ டோண்ட் லைக் ஹீ கமிங் லேட்.' ஸ்கேலில் அடி வாங்கிய பையன் செய்தது என்ன? 'அவன் லேட்டா வர்றது' என்ற சுத்தமான தமிழ்த் தொடரை அப்படியே ஆங்கிலத்துக்குள் தூக்கி வைத்தான். தமிழில் அங்கே எழுவாய், ஆகவே ஆங்கிலத்திலும் எழுவாய் வடிவம். ஆங்கிலத்தில் அது தவறுதான், இன்றைக்கும் என் மேஜைக்கு வந்தால் அடிப்பேன். ஆனால் அது முட்டாள்தனமான தவறு இல்லை. 'ஹிம்' என்று எழுதுகிற வெள்ளைக்காரனும் மனதில் இதையே செய்கிறான், அவன் மொழி அந்த இடத்தில் எழுவாய்க்கு 'ஹிம்' என்ற வேஷத்தைக் கொடுத்திருக்கிறது, அவ்வளவே. அந்தப் பையனின் உள்ளங்கை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது அவன் ஊரில் டிராக்டர் வைத்திருக்கிறான். போன பொங்கலுக்குப் போனபோது இதைச் சொன்னேன். "அப்ப சார் கையில ஒரு தட்டு தட்டலாமா?" என்று கேட்டான்.

வேலையில் இப்போது நான் என்ன செய்கிறேன் என்று புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் கேட்பார்கள். "அண்ணா, இங்க ஹிம்மா ஹிஸ்ஸா?" என்று சாட்டில் வரும். வாக்கியத்தின் தொடக்கத்தில் பிரதிப்பெயர் வந்தால் 'ஹிஸ்', 'மை' என்று மாற்றச் சொல்வேன். 'ஹிம் கமிங் லேட்' என்று ஒரு ஆய்வுக் கட்டுரை தொடங்கினால் லுங்கியோடு கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கும். நடுவில், முன்னிடைச் சொல்லுக்குப் பின்னால் வந்தால் ஆசிரியர் எதை எழுதியிருக்கிறாரோ அதுவே இருக்கட்டும். புத்தகம் முழுக்க ஒரே மாதிரி எழுதியிருக்கிறாரா என்று மட்டும் பார். பெயர் நீளமாக இருந்தாலோ உயிரில்லாத பொருளாக இருந்தாலோ அபாஸ்ட்ரஃபியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமே போகாதே, ஓடை ஆடு ஓட்டும். மேற்கோள் குறிக்குள் இருப்பதைத் தொட்டால் கையை உடைப்பேன்.

வங்கித் தேர்வுக்குப் படிக்கிற அக்கா மகளுக்கு மட்டும் வேறு பதில். தப்பைக் கண்டுபிடி என்ற பகுதியில் இப்போதும் 'மீ', 'ஹிம்' போட்டுக் கேட்கிறார்கள். "மாமா, நீங்கதான தப்பில்லன்னு சொன்னீங்க?" "தப்பில்லடா. ஆனா நீ தப்புன்னு டிக் பண்ணு. ஃபவுலருக்கு வேல போட்டுக் குடுக்கறது பேங்க்."

சாருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. கண் சரியில்லை. போனில் பேசினால் எழுத்தாக்கித் தருகிற வசதியைப் பேரன் சொல்லிக்கொடுத்திருக்கிறான், எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் செய்தி அனுப்புகிறார். போன மாதம் நாங்கள் கூடுவாஞ்சேரியில் வீடு வாங்கிய விஷயம் யார் மூலமோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. காலை ஆறு மணிக்குச் செய்தி வந்தது. 'வெரி ஹேப்பி டு ஹியர் ஆஃப் யூ பையிங் எ ஹவுஸ்.'

யூ பையிங். யுவர் பையிங் இல்லை.

படுக்கையில் எழுந்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி என்னவென்று கேட்டாள். சொன்னால் புரியாது என்பதால் சொல்லவில்லை. 'தேங்க்யூ சார், உங்கள் ஆசீர்வாதம்' என்று தமிழில் அடித்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. இரண்டு நிமிடம் எதுவும் இல்லை. பிறகு 'டைப்பிங்' என்று காட்டிக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை பேசாமல் கையால் தட்டுகிறார் போலிருந்தது.

'மிஸ்டேக் ஆஃப் த ஃபோன். ரீட் ஆஸ் யுவர்.'